குஞ்சக் கம்பளமும் குடிசைக் கூலியும்

கம்பளம் என்றவுடன் பாரசீகமும் காஷ்மீரமுமே எமது நினைவுக்கு வருகின்றன. மன்னர் மண்டபங்களிலே விரிக்கப்பட்ட அக்கம்பளங்களைப் பற்றிக் கலை வரலாற்றாசிரியர்கள் விரிவாக எழுதியுள்ளனர். ஆனால் அலுவலகங்களிலும் விடுதிகளிலும் நடுத்தர வர்க்கத்தின் வரவேற்பறைகளிலும் நாம் இன்று மிதித்துச் செல்லும் கம்பளம் பெரும்பாலும் வேறு வகையைச் சேர்ந்தது. அது தறியில் நெய்யப்படுவதில்லை. இழை இழையாக முடிச்சிடப்படுவதுமில்லை. ஏற்கெனவே நெய்து முடிந்த துணியொன்றின் ஊடாக நூலை ஊசியாற் குத்திச் செலுத்தி, மறுபுறத்திற் சிறு சிறு குஞ்சங்களாக நிற்கச் செய்வதே அதன் முறை. இதனைக் குஞ்சக் கம்பளம் என நாம் அழைக்கலாம்.

இக்கம்பளத்தின் வரலாறு அரண்மனையிலே தொடங்கவில்லை. அமெரிக்காவின் தென்பகுதியில், வறிய உழவர் வீடுகளின் விறாந்தைகளிலே அது தொடங்கியது. தொடக்கி வைத்தவர்கள் பெண்கள். அவர்களுடைய கைத்திறனின் மீதே ஒரு பெருங் கைத்தொழில் எழுந்தது. ஆயினும் அக்கைத்தொழிலின் செல்வம் அவர்களிற் பெரும்பாலாரின் கைக்கு வரவில்லை. இஃது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை ஆராய்வது பழங்கதை பேசுவதாகாது. ஏனெனில் 2020ஆம் ஆண்டுத் தொற்றுநோய்க் காலத்திலிருந்து, துப்பாக்கி வடிவிலமைந்த மின்கருவி ஒன்றினைக் கொண்டு வீட்டறையிலேயே கம்பளஞ் செய்யும் வழக்கம் பல நாடுகளிலும் இளைஞரிடையே பரவியுள்ளது. வீடே தொழிற்கூடம், நீயே முதலாளி என்னும் வாக்குறுதி அதனோடு சேர்ந்து வருகின்றது. அவ்வாக்குறுதியின் பெறுமதியை அளந்தறிய விரும்புவோர், வீடு முன்னொரு முறை கம்பளத் தொழிலின் களமாக இருந்தபோது நடந்ததென்ன என்பதை அறிதல் வேண்டும்.

ஜோர்ஜியா மாநிலத்தின் வடமேற்கு மூலையில், அப்பலாச்சிய மலைகளின் அடிவாரத்தில் டோல்டன் என்னும் நகரம் உள்ளது. அந்நிலம் செரோக்கி என்னும் பழங்குடி மக்களுக்கு உரியதாயிருந்தது. அம்மக்களின் தலைநகராகிய நியூ எக்கோட்டா அண்மையிலேயே இருந்தது. 1838இல் அமெரிக்க அரசு படைபலங் கொண்டு அவர்களை மேற்கே துரத்தியது. வழியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அவர்கள் விட்டுச் சென்ற நிலத்திற் குடியேறிய வெள்ளை உழவர் அனைவரும் செழித்தனர் என்று கொள்ளுதல் தவறாகும். உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்த பின்னர், பருத்தியை மாத்திரம் பயிரிட்டுக் கடைக்காரனின் கடனுக்குள் அமிழ்ந்தோர் பலர். நிலத்தை இழந்து வாரக் குடிகளானோரும் பலர். பணம் என்பது ஆண்டுக்கொரு முறை, அறுவடையின் பின்னர் காண்பதற்குரிய பொருளாயிற்று. அதுவும் கடன் கழிந்த பின்னர் எஞ்சினாற்றான்.

இத்தகைய சூழலில், டோல்டனுக்கு அண்மையிலிருந்த ஓர் உழவர் குடும்பத்திற் பிறந்தவர் கதரின் எவன்ஸ். பின்னர் கதரின் எவன்ஸ் வைற்னர் என அறியப்பட்ட இவர், குஞ்சம் வைத்த பழைய கட்டில் விரிப்பொன்றைச் சிறுமியாக இருக்கையிற் கண்டார். அவ்வகை விரிப்புகள் முந்திய தலைமுறைகளில் வழங்கி மறைந்து கொண்டிருந்தவை. பருத்தி நூலிழைகளைத் திரித்துத் தடிப்பாக்கினார்; வெளுக்காத பருத்தித் துணியில் அதனை ஓட்டுத் தையலாகச் செலுத்தினார்; தையல்களைக் கத்தரித்து நூல் முனைகளை விரியச் செய்தார். பின்னர் விரிப்பு முழுவதையும் கொதிநீரில் இட்டார். துணி சுருங்கிற்று, சுருங்கிய துணி ஒவ்வொரு குஞ்சத்தையும் இறுகப் பற்றிக்கொண்டது. பசையில்லை, முடிச்சில்லை, பருத்தி சுருங்கும் இயல்பொன்றே பிணைப்பாயிற்று. திருமணப் பரிசாகவும் செய்தளிக்கப்பட்ட இவ்விரிப்புகளைக் கண்டோர் தமக்கும் வேண்டுமெனக் கேட்டனர். 1900ஆம் ஆண்டில் முதலாவது விரிப்பு இரண்டரை டொலருக்கு விற்பனையாயிற்று.

கம்பளத் தொழிலின் வரலாற்றைக் கூறும் நூல்கள் பெரும்பாலும் இவ்விடத்திலேயே மெய்மறந்து நின்றுவிடுகின்றன. ஒரு சிறுமி, ஓர் ஊசி, ஒரு திருமணப் பரிசு. அதிலிருந்து ஒரு மாபெருங் கைத்தொழில்! கேட்பதற்கு இனிய கதைதான். கதரின் எவன்ஸின் திறமையையும் உழைப்பையும் நாம் குறைத்துக் கூறவில்லை. தாம் அறிந்த வித்தையை மறைத்து வைக்காது அயலிலுள்ள பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஆனால் தனியொருவரின் கைவண்ணம் ஒரு கைத்தொழிலாவதற்குத் திறமை மாத்திரம் போதாது. மலிந்த உழைப்பு வேண்டும். அவ்வுழைப்பைத் திரட்டுவோர் வேண்டும். பொருளை வாங்கும் சந்தை வேண்டும். இம்மூன்றும் எவ்வாறு சேர்ந்தன என்பதே வரலாற்று மாணவரின் வினாவாதல் வேண்டும்.

தொழில் வளர்ந்த முறையை நோக்குவோம். நியூயோர்க் முதலிய நகரங்களின் பெருங் கடைகள் இவ்விரிப்புகளைக் கேட்கத் தொடங்கிய பின்னர், டோல்டனில் 'விரிப்பு வீடுகள்' எனப்பட்ட நிலையங்கள் தோன்றின. அங்கே துணி வெட்டப்பட்டுக் கோலம் பதிக்கப்பட்டது. முடிந்த விரிப்பொன்றின் மேல் புதிய துணியை விரித்துக் கொழுப்புத் தடவிய தகரத்தினால் உரைத்தால், குஞ்சங்கள் இருக்குமிடமெல்லாம் புள்ளிகளாகத் துணியில் விழும். எழுத்தறியாதவரும் அப்புள்ளிகளைத் தொடர்ந்து தைக்கலாம். கோலம் பதித்த துணியையும் நூலையும் மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓர் இடையாள் நாட்டுப்புறத்துக்குச் செல்வார். மலைப்பாதைகளின் ஓரத்திலுள்ள வீடுகள்தோறும் அவற்றைக் கொடுப்பார். சில நாட்களின் பின்னர் மீண்டும் வந்து, முடிந்த விரிப்புகளைப் பெற்றுக்கொண்டு கூலியைக் கொடுப்பார். அவ்விரிப்புகள் மறுபடி விரிப்பு வீட்டுக்குச் சென்று வெந்நீர் கண்டு, உலர்ந்து, பொதியாகும். ஜோர்ஜியாவில் மாத்திரமன்றி அயல் மாநிலங்களாகிய தென்னசியிலும் அலபாமாவிலுங்கூட இவ்வண்டிகள் ஓடின.

இலையையும் புகையிலையையும் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, சுற்றிய பீடியை எண்ணி வாங்கிச் செல்லும் முறையை அறிந்த எமக்கு இவ்வொழுங்கு புதியதன்று. இங்கே கவனிக்க வேண்டியது உடைமையின் இருப்பிடம். துணி தைப்பவளுடையதன்று; நூல் அவளுடையதன்று; கோலமும் அவளுடையதன்று. வாங்குபவர் யார், அவர் கொடுக்கும் விலை யாது என்பதை அவள் அறியாள். அவளுடையதாக எஞ்சியது ஊசியும் விரலும் விறாந்தையுமே. வீட்டுத் தொழில் என்ற பழைய பெயர் மாறவில்லை. ஆனால் தன் வீட்டுக்கெனத் தன் நூலில் விரிப்புச் செய்த உழவர் பெண்ணின் தொழிலுக்கும் இதற்கும் பெயரன்றி வேறு ஒற்றுமை இல்லை. 'மூலதனம்' முதற் பாகத்தில் இங்கிலாந்தின் சரிகைப் பின்னல், வைக்கோற் பின்னல் முதலிய தொழில்களை ஆராயுமிடத்து மார்க்ஸ் எடுத்துக்காட்டிய உண்மை இதுவே: நவீன காலத்தின் வீட்டுத் தொழில், சுயாதீனமான பழைய கைத்தொழிலின் எச்சமன்று, அது தொழிற்சாலையின், அல்லது பண்டசாலையின், வெளிப்புறப் பிரிவாகும்.

முதலாளிக்கு இம்முறையில் இருந்த இலாபங்கள் பல. கட்டிடம் கட்ட வேண்டியதில்லை. விளக்கும் விறகும் தொழிலாளியின் செலவு. வேலை உள்ளபோது துணி கொடுக்கலாம். இல்லாதபோது வண்டியை அனுப்பாது விடலாம். யாவற்றிலும் மேலாக, உழைத்த நேரத்தை எவரும் எண்ணுவதில்லை. சமைத்து, குழந்தையைத் தொட்டிலிலிட்டு, மாட்டுக்குத் தீனி வைத்த இடைவெளிகளில் விரிப்புத் தைக்கும் பெண்ணின் வேலைநாள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது? பள்ளிக்கூடத்தால் வந்த பிள்ளை தாயோடு அமர்ந்து நூலைக் கத்தரிப்பது உழைப்பா, விளையாட்டா? கணக்கில் விரிப்பு ஒன்று, கூலியும் ஒன்று. அதனைச் செய்த கைகள் எத்தனை என்பது கணக்கில் இல்லை.

1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம் இவ்வுண்மையை வெளிப்படையாக்கியது. பருத்தியின் விலை வீழ்ந்தது. வயலில் வருவாய் அற்றது. முழுக் குடும்பங்களுமே விரிப்புத் தைப்பதில் ஈடுபட்டன. டோல்டன் வட்டாரத்தில் ஆண், பெண், சிறுவர் என ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் இவ்வாறு வீட்டிலிருந்து உழைத்தனர் என்பர். 1930களில் ஒரு விரிப்புக்கு அவர்கள் பெற்ற கூலி பெரும்பாலும் 10 சதம் முதல் 25 சதம் வரையே. அதே காலத்தில், வடக்கிலிருந்து புளோரிடாவுக்கு மோட்டாரிற் செல்லும் செல்வந்தர் பயணஞ் செய்த 41ஆம் இலக்க நெடுஞ்சாலையின் இருமருங்கும் கொடிகளில் விரிப்புகள் தொங்கின. தோகை விரித்த மயிலின் கோலம் அவற்றிற் பெருவழக்காயிருந்தமையால், அச்சாலைக்கு 'மயில் ஒழுங்கை' என்னும் பெயரே ஏற்பட்டது. விரிப்புத் தொழிலில் முதன்முதலாகப் பத்து இலட்சம் டொலர் திரட்டியவர் பி. ஜே. பாண்டி என்பவர் எனக் கூறப்படுகின்றது. அதுவும் பெருமந்தம் நீடித்த அந்த 1930களின் பிற்கூற்றிலேயே. வறுமை ஒருபுறமும் செல்வம் ஒருபுறமுமாக ஒரே நூலிலிருந்து பிரிந்த காட்சி இது.

எனினும், இச்சிறு கூலியை அப்பெண்கள் இகழவில்லை என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது. பல குடும்பங்கள் பெருமந்தத்தைத் தாண்டியது இக்காசினாலேயே. பிள்ளைக்குச் சப்பாத்தும் புத்தகமும் வாங்கவும், நிலவரியைக் கட்டவும் அது பயன்பட்டது. கணவனின் அறுவடைக் கணக்கிற் சேராத, தம் கையாலே தேடிய பணம் என்ற பெருமையும் அவர்களுக்கு இருந்தது. விறாந்தையில் அயற்பெண்கள் கூடியிருந்து பேசிக்கொண்டே தைத்த பொழுதுகள் அவர்களின் தனிமையைப் போக்கின. சுரண்டல் என்பது எப்பொழுதும் சவுக்கோடு வருவதில்லை. பட்டினிக்கு எதிரே நிற்பவருக்கு அது உதவியின் உருவத்திலும் வரும். ஆதலால், அப்பெண்கள் அறியாமையால் ஏமாந்தனர் என்று கூறுவது நியாயமன்று. அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதே உண்மை.

அவர்கள் கூலியை உயர்த்துமாறு கேட்கவில்லையா என வினவலாம். 1934 செப்டெம்பரில் அமெரிக்க நெசவாலைத் தொழிலாளர் நாடளாவிய வேலைநிறுத்தம் செய்தபோது, ஜோர்ஜியாவின் ஆலைகளிலும் பல்லாயிரவர் வெளியேறினர். மாநில ஆளுநர் யூஜின் தல்மேஜ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்து, வேலைநிறுத்தக்காரரைப் பெண்கள் உட்படப் பிடித்துக் காவல் முகாமில் அடைத்தார். வேலைநிறுத்தம் தோற்றது. ஆயினும் அவர்களாற் போராட முடிந்தது. ஒரே கூரையின்கீழ் நின்று ஒரே சங்கொலிக்கு வேலை தொடங்கியவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர். மலைப்பாதையோரத்து வீடொன்றிலிருந்து அடுத்த பாதையில் யார் என்ன கூலிக்குத் தைக்கிறார் என்றறியாத பெண் எவரோடு சேர்ந்து வேலைநிறுத்தம் செய்வாள்? அவள் மறுத்தால், வண்டி அடுத்த வீட்டு வாசலில் நிற்கும். வீடு அவளுக்கு நிழல் தந்தது. அதே வீடு அவளைத் தன் வர்க்கத்தாரிடமிருந்து பிரித்தும் வைத்தது.

மாற்றம் சட்டத்தின் வழியாக வந்தது. 1933ஆம் ஆண்டின் தேசிய கைத்தொழில் மீட்சிச் சட்டம் கூலிக்கு விதிகளை வகுக்க முயன்றது. 1935இல் உயர் நீதிமன்றம் அதனைச் செல்லாததாக்கியது. ஆனால் தொழிலாளர் இயக்கத்தின் அழுத்தம் ஓயவில்லை. 1938இல் நிறைவேறிய நியாயமான தொழில் நியமங்கள் சட்டம், மணிக்கு 25 சதம் குறைந்தபட்சக் கூலியென விதித்தது. இவ்விலக்கத்தை முன்னைய இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு முழு விரிப்புக்கு ஒரு குடும்பம் பெற்ற உயர்ந்த கூலி எதுவோ, அதுவே ஒருவரின் ஒரு மணிநேர உழைப்புக்குச் சட்டம் விதித்த மிகத் தாழ்ந்த கூலியாயிற்று! எண்ணப்படாதிருந்த நேரம் முதன்முறையாக எண்ணப்பட்டது. எண்ணியவுடனே, அத்தொழில்முறை எதன்மீது நின்றது என்பதும் தெரிந்துவிட்டது.

முதலாளிகள் பொறியை நாடினர். தடித்த நூலைத் துணி கிழியாதவாறு குத்திச் செலுத்தி, கண்ணியை உடனேயே வெட்டும் கத்தியும் பூட்டப்பெற்ற தையற் பொறிகள் ஏற்கெனவே டோல்டனில் உருவாகியிருந்தன. அவற்றை ஆக்கிய பெருமைக்கு உரிமை கோருவோர் பலர். கிளென் லூப்பர் என்பவரின் பெயரே அடிக்கடி கூறப்படுகின்றது. ஓர் ஊசி நான்காயிற்று, நான்கு எட்டாயிற்று, எட்டு இருபத்துநான்காயிற்று. இணைவரிசைகளிற் குஞ்சம் வைத்த துணி 'செனீல்' என்னும் பெயர் பெற்றது. வீட்டு விறாந்தைகள் வெறிச்சோடின. பெண்கள் ஆலைக்குச் சென்றனர், அல்லது வேலையை இழந்தனர்.

ஏழைப் பெண்களின் வருவாயைக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே பறித்தது என்ற வாதத்தை இன்றுங் கேட்கலாம். இவ்வாதத்தை நாம் ஆராயாது தள்ளிவிடக் கூடாது. பலர் வேலை இழந்தது உண்மை. ஆனால் பொறி சட்டத்தின் பிள்ளையன்று. சட்டத்துக்கு முன்னரே அது பிறந்திருந்தது. சட்டம் அதன் நடையை விரைவாக்கியது. மனித உழைப்பு பொறியினும் மலிவாக இருக்கும்வரை பொறி வெளியே காத்துநிற்கும். அந்த மலிவு நீங்கியதும் உள்ளே வரும். ஆகவே குற்றம் கூலியை உயர்த்தியதில் இல்லை. பொறியின் பயன் முழுவதும் அதனை உடையவனையே சேருமாறு சமூகம் அமைந்திருந்ததே குற்றம்.

பொறியின் அகலம் பெருகப் பெருக, விரிப்புச் செய்தவர்கள் தரைக்கம்பளஞ் செய்யத் தலைப்பட்டனர். 1950களின் தொடக்கத்தில் ஓர் அறையின் அகலத்துக்குக் கம்பளத்தை ஒரே ஓட்டத்திற் குத்திமுடிக்கும் பொறிகள் வந்தன. தறி ஓரங்குலம் நெய்யும் பொழுதில் இப்பொறி பன்மடங்கு நீளத்தை முடித்தது. 1950இல் அமெரிக்கக் கம்பளங்களிற் பத்தில் ஒன்பது பங்கு நெய்யப்பட்டவை; இன்றோ பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குஞ்சம் வைக்கப்பட்டவை. அக்காலத்துக் கம்பளங்களின் அடித்துணி சணலாலானது. அச்சணல் வங்காளத்து வயல்களிலிருந்து சென்றது. 1960களிற் செயற்கை அடித்துணி வந்த பின்னர் சணலின் இடம் சுருங்கியது. கம்பளத் தொழிலின் முடிவொன்று வங்காளத்து உழவனின் அடுப்பைத் தொட்டது என்பதை எமது மாணவர் மறத்தலாகாது.

ஆலைக்குட் சென்ற பின்னரும் தொழிலாளர் போராட்டம் எளிதாயிருக்கவில்லை. 1955இல், போதகரும் கவிஞருமான டொன் வெஸ்ற் டோல்டனுக்கு வந்து, 'த சதர்னர்' என்னும் ஏட்டை நடத்தி, சங்கம் அமைக்க முயன்ற ஆலைத் தொழிலாளரின் பக்கம் நின்றார். கம்யூனிஸ்ட் என்னும் பழி அவர்மீது சுமத்தப்பட்டது. மறு ஆண்டே அவர் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. தென்மாநிலங்களின் நெசவாலைகளிற் கறுப்பின மக்களுக்குப் பொறியடியில் வேலை கிடைப்பதற்கு 1964ஆம் ஆண்டின் குடிசார் உரிமைகள் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1990களிலே மெக்சிக்கோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள் டோல்டன் ஆலைகளின் முதுகெலும்பாயினர். 2000ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நகர மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேர் ஸ்பானிய மொழி மரபினர். ஆலைகளோ ஒன்றையொன்று விழுங்கிச் சில பேராலைகளாகின. அவற்றுள் மிகப் பெரியதாகிய ஷோ நிறுவனம் 2001இல் பெர்க்ஷயர் ஹத்தவே என்னும் முதலீட்டு நிறுவனத்தின் உடைமையாயிற்று. இரண்டரை டொலர் விரிப்பின் வழித்தோன்றல் பங்குச் சந்தைக்குரிய பொருளாக முடிந்தது.

இனி, வீட்டுக்குத் திரும்பிய கம்பளத்தை நோக்குவோம். மரச்சட்டமொன்றில் துணியை மத்தளத் தோல்போல் இறுக இழுத்து மாட்டுகின்றனர். வேலை செய்பவர் பார்ப்பது கம்பளத்தின் முதுகையே. ஆதலால் உருவத்தை இடம்வலம் மாற்றித் துணியில் வரைகின்றனர். மின்கருவியின் ஊசி நூலைக் குத்திச் செலுத்த, உள்ளிருக்கும் கத்தரி கணத்தில் வெட்டுகின்றது. பின்னர் முதுகிற் பசை பூசி, வேறொரு துணி ஒட்டி, முகத்தை மட்டமாகக் கத்தரிக்கின்றனர். கொதிநீர் செய்த வேலையைப் பசை செய்கின்றது. பிற யாவும் பழைய முறையின் விரைந்த வடிவமே. சிலநாள் வேலை சிலமணி வேலையாகியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. தன் மனத்திலெழுந்த உருவத்தைத் தன் கையாற் படைக்கும் இன்பம் மனிதனின் உயர்ந்த இன்பங்களுள் ஒன்று. அதனைக் கேலி செய்ய எமக்கு விருப்பமில்லை.

நூலும் கருவியும் கோலமும் இம்முறை செய்பவருக்கே உரியவை. டோல்டன் பெண்ணோடு ஒப்பிடுமிடத்து இது முன்னேற்றமே. ஆனால் சந்தை யாருடையது? படத்தைக் காட்டவும், வாங்குபவரைத் தேடவும், விலையைப் பெறவும் அவர் நம்பியிருக்கும் இணையத் தளங்கள் அவருடையவை அல்ல. எவருடைய பொருளை மேலே காட்டுவது, எவ்வளவு தரகு எடுப்பது என்பனவற்றைத் தீர்மானிப்போர் அவர் முகமறியாதவர்கள். அவருடைய நேரம் மீண்டும் எண்ணப்படாத நேரமாகின்றது. இரவு விழித்துச் செய்த வேலை விலையிற் சேர்வதில்லை. அடுத்த வீட்டில் அதே வேலையைச் செய்பவர் அவருக்குத் தோழராகத் தோன்றுவதில்லை, போட்டியாளராகவே தோன்றுகின்றார். மலைப்பாதையில் வந்த வண்டியின் இடத்தில் வேறொரு வண்டி நிற்கின்றது.

வீட்டிலிருந்து உழைப்போருக்கும் ஏனைய தொழிலாளருக்குரிய உரிமைகள் உண்டெனச் சர்வதேசத் தொழில் தாபனம் 1996இல் 177ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. அதனை ஏற்றுக்கொண்ட நாடுகள் மிகச் சிலவே. அது நடைமுறைக்கு வருவது, சிதறிக் கிடக்கும் வீடுகளில் உழைப்போர் ஒருவரையொருவர் அறிந்து, நூலைச் சேர்ந்து வாங்கி, பொருளைச் சேர்ந்து விற்று, விலையைச் சேர்ந்து பேசும் கூட்டுறவுகளையும் சங்கங்களையும் கட்டுவதிலேயே தங்கியுள்ளது.

கைத்தொழில் வரலாற்றைக் கற்பிக்கும் நாம் மாணவருக்கு ஒரு பெயரைச் சொல்லிக் கொடுத்து அமைதல் போதாது. கதரின் எவன்ஸின் பெயர் பொறிக்கப்படத் தக்கதே. ஆனால் அப்பெயருக்குப் பின்னால், பெயர் எழுதப்படாத பத்தாயிரம் பேர் புள்ளிகளைத் தொடர்ந்து தைத்துக்கொண்டிருந்தனர். வீட்டிலே செய்யப்பட்டதா, ஆலையிலே செய்யப்பட்டதா, கையாலா, பொறியாலா என்று கேட்பதோடு எமது வினா முடிதலாகாது. துணியும் நூலும் யாருடையவை, நேரத்தை எண்ணியவர் யார், விலையை வைத்தவர் யார் என்று கேட்கக் கற்ற மாணவனுக்கே அப்பத்தாயிரம் பேரின் வரலாறு புலப்படும்.